பேச்சு கேட்காத பிரதி

"எல்லாம் டிரைவ்ல இருக்குங்க." சமீப வருடங்களில் நான் அதிகம் கேட்ட பொய் இதுதான். சொல்கிறவர்களுக்கே அது பொய் என்று தெரியாது. நாவலின் நான்காம் வரைவில் இருக்கும் நண்பர் சொல்கிறார். நாட்டார் பாடல்கள் சேகரித்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் தோழி சொல்கிறார். பத்து வருடமாக புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்கும் என் ஆபீஸ்காரர்கள், தெரிந்திருக்க வேண்டியவர்கள், அவர்களும் சொல்கிறார்கள். 2022 நவம்பர் வரைக்கும் நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சிங்க் வேறு, பேக்கப் வேறு. நாலு கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டர் தெரிகிறது என்பதால் உங்களிடம் நாலு பிரதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு பிரதி இருக்கிறது, அதற்கு மூன்று எடுபிடிகள் இருக்கிறார்கள். "இதைச் சொல்ல இலக்கிய இதழா கிடைச்சுது? யூடியூப்ல பத்து நிமிஷ வீடியோ இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகுதான் எனக்கு இது நடந்தது.

எங்கள் ஊர் நல்லம்பள்ளி. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய்க்கு முன்னால் வரும். என் தாத்தா சந்தையில் ஆட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிய காலத்து ஆள். தரகர்கள் தங்களுக்குள் எண்களுக்குத் தனிச் சொற்கள் வைத்திருந்தார்கள். விற்கிறவனுக்கும் புரியாது, வாங்குகிறவனுக்கும் புரியாது. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அந்தச் சொற்கள் ஆயாவுக்குத் தெரியும்.

2016 பொங்கல் லீவில் ஆயாவை உட்காரவைத்து போனில் ரெக்கார்ட் செய்தேன். மொத்தம் பதினாலு ஃபைல், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தரகுச் சொற்கள் ஒரு ஃபைலில். பஞ்சத்தில் எதைத் தின்றார்கள் என்பது இரண்டு ஃபைலில். ஒப்பாரி மட்டும் ஆறு. ஒப்பாரியை வீட்டுக்குள் பாட அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எழவு வுழாத ஊட்ல அதப் பாடுவாங்களாடா?" என்று திட்டிவிட்டு, ஆட்டுப்பட்டியைத் தாண்டிப் புளியமரத்தடிக்கு வந்து உட்கார்ந்துதான் பாடினார். பின்னால் நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தம் எல்லா ஃபைலிலும் இருந்தது. அதை எப்படி நீக்குவது என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைக்கூட எழுத்தில் எடுத்து வைக்கவில்லை. ஃபைலில்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன அவசரம்? ஒரு மேகச் சேவையின் ஃபோல்டரில் போட்டேன். பெங்களூரில் என் லேப்டாப், ஊரில் நான் காலேஜ் படிக்கும்போது 2009இல் வாங்கிய டெஸ்க்டாப், ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியிடம் அவன் பிளஸ் டூவில் வாங்கிய அரசாங்க லேப்டாப், அப்புறம் என் போன். நாலிலும் 'ஆயா' என்ற ஃபோல்டர் தெரியும். நாலு இடம் என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஆயா 2019 கார்த்திகையில் இறந்தார்.

2022 காலாண்டு லீவுக்கு அக்கா பையன் ஊருக்கு வந்தான். டெஸ்க்டாப்பில் கேம் போடப் பார்த்தான், டிஸ்க்கில் இடமில்லை. எதை அழிக்கலாம் என்று தேடியிருக்கிறான். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இருந்த பிளேயருக்கு என் போன் பதிவு செய்த வகை ஃபைல் ஓடாது. "ஓடாத ஃபைலுன்னு டெலிட் பண்ணிட்டேன் மாமா" என்றான் பிறகு. அவன்மேல் தப்பில்லை. பன்னிரண்டு வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று ஊரில் நெட் நன்றாக வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. அழித்த செய்தி மேகத்துக்குப் போனது. மேகம் ஓசூருக்கும் பெங்களூருக்கும் என் பாக்கெட்டுக்கும் சொன்னது. மூவரும் கீழ்ப்படிந்தார்கள். நான் அப்போது ஆபீஸில் ஏதோ மீட்டிங்கில் இருந்திருப்பேன். அந்தச் சேவையில் அழித்தவை குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருக்கும். ஆயாவின் திதி அன்றைக்கு அப்பா, "ஆயா குரல கொஞ்சம் போடுறா, கேக்கலாம்" என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். ஃபோல்டர் இல்லை. நாள்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு.

கவனியுங்கள், இதில் எதுவும் பழுதாகவில்லை. டிஸ்க் போகவில்லை, வைரஸ் வரவில்லை, எந்த நிறுவனமும் ஏமாற்றவில்லை. எல்லாக் கருவியும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. சிங்க் என்பதன் வேலை என்ன? இந்தப் பக்கம் என்ன நிலவரமோ அதையே அந்தப் பக்கமும் ஆக்குவது. ஒரு வரியைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டினால், பூட்டிய ஃபைல்கள் எல்லா இடத்துக்கும் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் 1996இல் ஆர்சிங்க் என்ற புரோகிராமை வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்து சர்வர்கள் பாதி அதை நம்பி ஓடுகின்றன என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. அதில், மூலத்தில் இல்லாததை மறுபக்கத்திலும் அழிக்க வேண்டுமானால் 'டெலிட்' என்று நாமே தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் அழிக்காது. இப்போதுள்ள சிங்க் சேவைகள் கேட்காமலே அழிக்கின்றன. ஏனென்றால் அழிக்காவிட்டால் நாம் புகார் செய்வோம்: "நேத்தே டெலிட் பண்ணினேன், இன்னும் போன்ல தெரியுது."

இதில் நிறுவனங்களைச் சும்மா விட எனக்கு மனசில்லை. கூகுள் 2017இல் கம்ப்யூட்டருக்காக ஒரு புரோகிராம் விட்டது. அதன் பெயரே 'பேக்கப் அண்ட் சிங்க்'. புளியையும் மிளகாயையும் ஒரே டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டியதுபோல. 2021இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறைக்கு இரண்டும் ஒன்று என்று பதிந்துவிட்டது. விண்டோஸில் ஒன்டிரைவின் 'பேக்கப்' பொத்தானை அமுக்கினால் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களையே ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிடும். பேக்கப் என்று சொல்லிவிட்டுச் செய்வது சிங்க். அப்புறம் இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று ஃபைலை மேலே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் கீழே காட்டுகிற வசதி வேறு. உங்கள் லேப்டாப்பில் நாவல் இருப்பதுபோலத் தெரியும். நெட் இல்லாத பஸ்ஸில் திறந்து பாருங்கள், போர்டு மட்டும் மாட்டியிருக்கும் கடை அது.

சிங்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அது இல்லாமல் முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பாதியில் விட்ட பத்தியைச் சனிக்கிழமை காலை நல்லம்பள்ளியில் தொடர்கிறேன் என்றால் அதனால்தான். அது வேலைக்கான வசதி. வைத்துக் காப்பதற்கானது வேறு.

*

இனி இலக்கியத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மேடையேறினால் அதியமானிலிருந்துதான் தொடங்குவார்கள். தகடூர் என்றால் தர்மபுரி, அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான், ஔவை பாடினாள். சரி. அந்த அதியமானின் தகடூர்மேல் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்துக் கோட்டையை வீழ்த்திய போரைப் பற்றி 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. உரைநடையும் செய்யுளும் கலந்த நூல். பழைய உரைகாரர்கள் அதைத் தெரிந்து பேசுகிறார்கள். அந்த நூல் இன்று இல்லை. முழுசாகப் போய்விட்டது. மிஞ்சியிருப்பது சில பத்துப் பாடல்கள். அவையும் எப்படி மிஞ்சின? 'புறத்திரட்டு' என்று பிற்காலத்தில் யாரோ ஒருவர் தனக்குப் பிடித்த செய்யுள்களைப் பல நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்து வைத்தார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்தத் தொகுப்பில் இதிலிருந்தும் கொஞ்சம் எடுத்திருந்தார். தொல்காப்பிய உரைகளில் மேற்கோளாகக் கொஞ்சம் இருந்தது. அவ்வளவுதான். மூலம் அழிந்தபோது, மூலத்தோடு தொடர்பே இல்லாத இடங்களில் இருந்த துண்டுகள் மட்டும் தப்பின.

ஏட்டுச்சுவடி என்பது நாம் நினைப்பதுபோல நிரந்தரப் பொருள் கிடையாது. நம் வெயிலுக்கும் பூச்சிக்கும் ஓலை சில நூறு வருடம் தாங்கினால் அதிகம். சங்கப் பாடல் நமக்குக் கிடைத்தது ஓலை தாங்கியதால் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ உட்கார்ந்து திரும்ப எழுதினார்கள். எழுதி முடித்த சுவடி வேறு ஊருக்குப் போனது, மூலச் சுவடியிடம் மறுபடி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கும்பகோணத்துச் சுவடியில் ஒரு ஏடு ஒடிந்தால் திருநெல்வேலிச் சுவடியில் அதே ஏடு தானாக ஒடியாது. எழுதுகிறவர் ஒரு சொல்லைத் தப்பாக எழுதினால் அந்தத் தப்பு அந்தச் சுவடியோடும் அதைப் பார்த்து எழுதியவையோடும் நிற்கும். இப்படிச் சிதறிக் கிடந்ததால்தான் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய், பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்தது. சுவடிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டதுதான் அவருக்குத் தலைவலி. அதுவேதான் அவருக்கு மூலதனமும்.

நம் முன்னோர் எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்று கதை விட மாட்டேன். ஆடிப்பெருக்கில் பழைய சுவடிகளை ஆற்றில் விட்டார்கள். ஆடி 18 என்றால் எங்கள் மாவட்டமே ஒகேனக்கல்லில் இருக்கும். சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது எனக்கு இது தெரியாது, இப்போது போனால் காவிரியைப் பார்க்க என்னமோபோல இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர் கோயில் ஏடுகளைத் தேடிப் போன சாமிநாதையருக்கு, அவற்றையெல்லாம் ஆகம முறைப்படி நெருப்பில் ஆகுதி செய்துவிட்டோம் என்று பதில் கிடைத்ததை அவரே எழுதியிருக்கிறார். முறைப்படி! முப்பது நாள் கழித்துக் குப்பைத்தொட்டி தானாகக் காலியாவதும் முறைப்படிதான்.

1981 மே கடைசி நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று கணக்கு. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நம் டைம்லைன் முழுக்கச் சாம்பல் படங்கள் வரும். வரட்டும், வர வேண்டும். அச்சடித்த புத்தகத்துக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கும். அங்கே மட்டுமே இருந்த சுவடிகளுக்கு இல்லை. அந்த நஷ்டத்தை உணர்ந்தவர்களில் சிலர் 2005இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி ஈழத்துப் பிரசுரங்களை ஸ்கேன் செய்து போட ஆரம்பித்தார்கள், இன்றும் செய்கிறார்கள். படத்தைப் பகிர்ந்த நம்மில் எத்தனை பேர் சொந்தக் கையெழுத்துப் பிரதிக்கு இரண்டாவது நகல் வைத்திருக்கிறோம்? நான் வைத்திருக்கவில்லை. படத்தை மட்டும் பகிர்ந்தேன்.

*

"அது பழைய காலம், இப்ப கம்பெனிக்காரன் பாத்துப்பான்" என்கிற வாதத்துக்கு வருகிறேன். எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

ஜியோசிட்டீஸ் ஞாபகம் இருக்கிறதா? உங்களில் பாதிப் பேருக்கு இருக்காது. தமிழில் முதன்முதலாக இணையப் பக்கம் போட்டவர்கள் பலர் அதில்தான் இலவசமாக இடம் பிடித்தார்கள். யாகூ அதை 2009 அக்டோபரில் மூடியது. அங்கே இருந்ததில் கணிசமான பகுதியைக் காப்பாற்றியது யாகூ இல்லை, ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் இறக்கி வைத்துக்கொண்டார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. அங்கே இரவிரவாக நடந்த தமிழ் விவாதங்கள் எங்கே? மைஸ்பேஸ் 2019இல், சர்வர் மாற்றும்போது பன்னிரண்டு வருடப் பாடல்கள் போய்விட்டன என்று மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புதான் கேட்டது.

கம்பெனி வேண்டாம், அரசாங்கம் என்றால்? தென்கொரியா. கணினி விஷயத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கும் நாடு. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரத்தில் உள்ள அரசு டேட்டா சென்டரில் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைப்பதற்கான ஜி-டிரைவ் என்ற அரசாங்க மேகம் அங்கே இருந்தது. 858 டெராபைட். எரிந்துபோனது. வெளியில் இன்னொரு பிரதி இல்லை. ஏன் இல்லை என்றால், அளவு ரொம்பப் பெரிசாக இருந்ததாம். எல்லாரும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காமல் மேகத்திலேயே வையுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் அதிக நஷ்டம்.

நமக்குத் தனியாக இன்னொரு விபத்தும் உண்டு. ஃபைல் இருக்கும், படிக்க முடியாது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் தமிழ் தட்டியவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். பாமினி, திஸ்கி, டாப், வானவில் என்று. யூனிகோடுக்கு வருவதற்குள் ஒரு தலைமுறை எழுத்து அந்தந்த எழுத்துருக்குள் மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஒரு மூத்த எழுத்தாளர் வீட்டில் ஃபைல்களைத் திறந்து பார்த்தோம், திரை முழுக்க ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும். எழுத்துருவின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் ஒரு கதை வெளியே வந்தது. அவருக்கு அந்தக் கதையை எழுதினதே மறந்திருந்தது.

இன்னொன்று, சின்ன விஷயம், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. 'தொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்து வைக்கும். மற்றவை நீங்கள் தட்டியபடியே வைக்கும். நான் கொஞ்ச நாள் ஒரு பழைய மேக் வைத்திருந்தேன். ஒரு நாள் என் லினக்ஸ் லேப்டாப்பில் 'தொப்பூர்' என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க முடியாதே என்று அரை மணி நேரம் முழித்தேன். டூப்ளிகேட் என்று ஒன்றை அழித்திருந்தால், எதில் புதிய கட்டுரை இருந்தது என்று தெரியாமலே அழித்திருப்பேன். இந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைக்கிறவர்களை நினைத்துச் செய்வதில்லை. நாம்தான் நம்மை நினைத்துக்கொள்ள வேண்டும்.

*

இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எழுதுகிறீர்கள். இதழுக்கு மெயிலில் அனுப்புகிறீர்கள். வெளியானதும் லிங்க்கைப் பகிர்கிறீர்கள். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது அந்த லிங்க் மட்டும்தான். இதழ் நடத்துகிறவர் யார்? உங்களைப்போல வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் மெய்ப்புப் பார்க்கிற ஒருவர். டொமைன் புதுப்பிக்கும் தேதி அவருடைய ஒரே மெயில் ஐடிக்கு வருகிறது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், வேலை போனால், வெறுத்துப் போனால், ஒரு தேதியில் எல்லாக் கதைகளும் போகும். அந்த முகவரியில் பிறகு சூதாட்ட விளம்பரம் ஓடும். நான் ரசித்து வாசித்த இரண்டு இதழ்களுக்கு இப்படித்தான் ஆனது. இந்த இதழுக்கு ஆகாது என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறோம்? ஆசிரியர் இதை வெட்டாமல் விடுவார் என்று நம்புகிறேன்.

எழுத்தாளர் இறந்துபோனால் இன்னும் மோசம். இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது, 2023 டிசம்பரிலிருந்து செயல்படுத்தவும் தொடங்கிவிட்டது. குடும்பத்துக்குப் பாஸ்வேர்ட் தெரியாது. கணவர் எழுதுவார் என்று தெரியும், எங்கே எழுதினார் என்று தெரியாது. காகிதத்தில் எழுதியவர்களுக்குப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியாவது இருந்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவை அவர் 1992இல் காலமான பிறகும் வீட்டில் இருந்தன. அதனால்தான் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கவும், சென்னையில் நூலகம் அமையவும் முடிந்தது. நம்முடையதை யார் வீட்டுப் பரணில் தேடுவது?

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடமே உண்டு. மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டி ஏற்றினார்கள். அங்கே எல்லாம் சாதாரண ஃபைல். யாரும் இறக்கிக்கொள்ளலாம், இறக்கியதைத் தன் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். என் பழைய டெஸ்க்டாப்பிலேயே காலேஜ் காலத்தில் இறக்கிய குறுந்தொகை இருக்கிறது. அந்தத் தளத்தில் நாளைக்கு யாராவது தப்பாக எதையாவது அழித்தால், என் குறுந்தொகைக்கு அந்தச் செய்தி வராது. ஒரு பிரதியிடம் நான் எதிர்பார்க்கும் ஒழுக்கம் இவ்வளவுதான், மூலம் சொல்வதைக் கேட்கக் கூடாது.

ஹார்ட் டிஸ்க் மட்டும் கெடாதா என்பார்கள். கெடும். எல்லா டிஸ்க்கும் கெடும், கேள்வி எப்போது என்பதுதான். அதனால்தான் இரண்டு. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நான் செய்வது அதன் ஏழை வடிவம். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய டிஸ்க் இரண்டு. ஒன்று பெங்களூரில், ஒன்று நல்லம்பள்ளி வீட்டு பீரோவில் அம்மாவின் புடவைகளுக்கு அடியில். ஊருக்குப் போகும்போது மாதம் ஒருமுறை நகல் எடுத்துவிட்டு ஒயரைப் பிடுங்கிவிடுவேன். பிடுங்குவதுதான் முக்கியம். பழையதன்மேல் புதியதை எழுதாமல், தேதி வாரியாகத் தனித்தனியாக வைக்க போர்க், ரெஸ்டிக் என்று இலவசக் கருவிகள் இருக்கின்றன. கட்டளை தட்டப் பயம் என்றால் தேதி போட்ட ஃபோல்டராக இழுத்துப் போடுங்கள், அதுவும் போதும். சிங்க்திங் மாதிரி சில சிங்க் கருவிகளிலும் பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் வசதி இருக்கிறது. நாமாகப் போய் அதை ஆன் செய்ய வேண்டும், யாரும் செய்வதில்லை.

அப்புறம், எடுத்த நகலைத் திறந்து பாருங்கள். கிட்லேப் என்ற நிறுவனம், உலகத்து புரோகிராமர்கள் தங்கள் வேலையைக் கொண்டுபோய் வைக்கிற இடம், 2017 ஜனவரி 31 அன்று தன் டேட்டாபேஸையே தவறுதலாக அழித்தது. ஐந்து விதமான பாதுகாப்பு வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட ராத்திரியில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. கடைசியில் ஒரு ஊழியர் வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல் காப்பாற்றியது. 1998இல் டாய் ஸ்டோரி 2 படத்தையும் இப்படி அழித்துவிட்டு, குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கம்ப்யூட்டரிலிருந்து மீட்டார்கள். போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்களாம். அது கொஞ்சம் பழைய நகல். பழசாக இருந்ததால்தான் உபயோகப்பட்டது.

ஆயாவின் ஃபைல்கள் போன பிறகு சந்தைக்குப் போய்த் தேடினேன். எழுபதைத் தாண்டிய ஒரு தரகர் கிடைத்தார். ஒன்றிலிருந்து ஐந்து வரை சொன்னார். ஆறுக்கு யோசித்தார், ஏழுக்குச் சிரித்துவிட்டார். "இப்பெல்லாம் போன்ல கால்குலேட்டர் இருக்குதே தம்பி." சொன்ன ஐந்தையும் எங்கேயும் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார், இன்னும் நாலைந்து பேர் அதை வைத்துத் தொழில் பார்க்கிறார்களாம். அதனால் இங்கே எழுதவில்லை. நோட்டில் எழுதியிருக்கிறேன். மீதி எண்கள் 'ஆயா' ஃபோல்டரில் இருந்தன, ஆறாவது ஃபைல்.

ஒப்பாரியில் ஒன்று மட்டும் கிடைத்தது. ரெக்கார்ட் செய்த அன்று சாயங்காலம் பென்னாகரத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் ஒன்றை அனுப்பியிருந்தேன், மறந்தே போயிருந்தேன். அவர் அதற்குப் பிறகு இரண்டு போன் மாற்றிவிட்டார். பழையதைத் தூக்கிப் போடவில்லை, கண்ணாடி உடைந்தபடி டிராயரில் கிடந்தது. சார்ஜர் தேட ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. ஆயா தன் அம்மாவுக்காக அழுகிறார், நடுவில் ஒரு லாரி ஹாரன், அதற்கு ஆயா நிறுத்தி ஒரு வசவு, மறுபடி பாட்டு. அப்பா அதை நாலு தடவை போடச் சொன்னார்.

பிறகு சித்தப்பா கேட்டார்: "ஏண்டா, இந்த போன்லயும் நெட்ட போட்டு, உன் ஃபோல்டரோட சேத்துவுட்டுட்டா நல்லதில்ல?"

"வேண்டாம் சித்தப்பா. நெட்டே போடாதீங்க. அது டிராயர்லயே கிடக்கட்டும்."